அக்னி மூலையில் ஒரு குழி

ஒரு விளக்கு எரியவில்லை என்பதற்காக மெஷினை மாட்ட முடியாது என்கிறீர்கள். அதுவும் சுண்டுவிரல் நகம் அளவுள்ள விளக்கு. உங்கள் பையிலிருந்து எடுத்துச் சொருகினீர்களே, அந்தச் சின்னப் பெட்டியே பழுதாக இருக்கலாம் அல்லவா தம்பி? இன்னொரு தரம் சொருகிப் பாருங்கள்.

சரி. ஒன்றுதான் எரிகிறது. இரண்டு எரிந்தால்தான் எர்த் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் நீங்கள் கிளம்பக் கூடாது. இந்த மோரைக் குடியுங்கள். நான் கலக்கியது, உப்பு தூக்கலாக இருக்கும். மூன்று மாதமாக இந்த வீட்டில் என் சமையல்தான்.

வேலையை அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை நான். போன வாரம் உங்கள் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போனார். பாத்திரம் கழுவும் மெஷினுக்கு முன்கூட்டியே மூன்று வேலை செய்து வைக்கவேண்டும் என்றார். தண்ணீர் லைன், கழிவு லைன், கரண்டு லைன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், எழுதிக் கொடுத்தால் வாசிக்க நேரமாகும் என்றேன். படமே போட்டுக் கொடுத்தார், நல்ல மனிதர். அந்தப் படத்தில் இருந்ததில் எதை நான் செய்யவில்லை, சொல்லுங்கள்.

மேடைக்குக் கீழே இருந்த தடுப்புச் சுவர் நான் கட்டியது, நானே உடைத்தேன். இருபத்து நாலு அங்குலம் கேட்டார், அரை அங்குலம் கூடவே விட்டிருக்கிறேன். தரைக்கு ரசமட்டம் வைத்துப் பாருங்கள், குமிழி நடுவில் நிற்கும். தொட்டியிலிருந்து தனிக் குழாய், அதற்குத் தனித் திருகு. சிங்க் கழிவுக் குழாயில் ஒரு டீ இணைப்பு வைத்து வாயை விட்டிருக்கிறேன். மெஷினின் கழிவு டியூபை மேலே தூக்கி வளைத்துக் கட்டாவிட்டால் அழுக்குத் தண்ணீர் திரும்ப உள்ளே போகும் என்றார், அதற்கும் கிளாம்பு அடித்தாயிற்று. கரண்டுக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி டிரிப் சுவிட்ச், பதினாறு ஆம்பியர் பெட்டி. வயரைச் சுவருக்கு வெளியே பட்டிக்குள் போட்டிருக்கிறேன். சுவரை வெட்டவில்லை. என் சுவரை யாரும் வெட்டக் கூடாது. நானே ஆனாலும்.

பச்சை வயரா? அதையும் விட்டுவிடவில்லை. கிரைண்டர் பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு பச்சை வயர் இருந்தது. அதோடு சேர்த்து முறுக்கி விட்டேன்.

அந்தப் பச்சை வயர் எங்கே போகிறது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். முதலில் நீங்கள் உட்காருங்கள்.

என் பெயர் வெயிலுமுத்து. கோவில்பட்டியில் கொத்தனார் வெயிலுமுத்து என்றால் தெரியும். பூச்சு வேலையில் என் பெயர்தான் முதலில் சொல்வார்கள். என் வீட்டுக்காரி ஆவுடையம்மாள். அவளுக்காகத்தான் இந்த மெஷின். நான் கேட்டு வாங்கியது இல்லை. என் மகள் இந்திராணி பாளையங்கோட்டையில் இருக்கிறாள், அவள் வாங்கி அனுப்பியது. ஆவுடைக்கு வலது மணிக்கட்டு உடைந்து பிளேட் வைத்திருக்கிறது. பாத்திரம் தேய்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போனவள்தான், இன்னும் வரவில்லை.

நான் ஒரு ஆள் வைத்துக்கொள்கிறேன் என்றேன். இந்திராணி கேட்கவில்லை. "அப்பா, நீங்க யாரோட ரெண்டு மாசம் சண்டை போடாம இருந்திருக்கீங்க? வர்ற பொம்பள நாலு நாள் நிக்க மாட்டா. மெஷின மாட்டுங்க. அது ஓடுறத எனக்குப் போன்ல காட்டுங்க. அதுக்கப்புறந்தான் அம்மாவ பஸ் ஏத்துவேன்" என்றாள். பெற்ற தகப்பனிடம் பேசுகிற பேச்சா இது?

இன்றைக்கு வியாழக்கிழமை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஓசூருக்குக் குடி மாறிப் போகிறார்கள். மருமகனுக்கு அங்கே மாற்றல். அதற்குள் மெஷின் ஓடவில்லை என்றால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன் என்கிறாள். ஓசூர் எங்கே இருக்கிறது தம்பி? ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். போனவள் திரும்பி வருவாளா? நான் போன் போட்டால் "சாப்ட்டீங்களா" என்கிறாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவள்.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் கிளம்பக் கூடாது. மூட்டை உப்புகூட வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீருக்கு மேலும் உப்புப் போடச் சொல்கிற மெஷினை இப்போதுதான் பார்க்கிறேன்.

பச்சை வயருக்கு வருகிறேன், அவசரப்படாதீர்கள். அந்த வயர் எங்கேயும் போகவில்லை. போக இருந்தது. நான் விடவில்லை.

இந்த வீட்டுக்கு வயரிங் செய்தவன் என் மச்சினன், ஆவுடையின் தம்பி. கோமதிநாயகம். ஐ.டி.ஐ. படித்தவன். கழுகுமலையில் கடை வைத்திருந்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தின கதை. உள் சுவரெல்லாம் நான் பூசி முடித்துவிட்டேன். ஊரார் வீட்டுக்குப் பூசியதுபோல் இல்லை தம்பி. விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் ஒரு மேடு பள்ளம் தெரியாது. இவன் கல்யாண வேலை ஒன்றில் மாட்டிக்கொண்டு பத்து நாள் கழித்து வந்தான். வந்தவன் உளியும் சுத்தியலும் எடுத்து என் பூச்சில் காடி வெட்ட ஆரம்பித்தான். கோடு கோடாக. நான் வெளியே போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அடுப்படிச் சுவர் முழுக்கக் கீறல். என் வயிறு எப்படி எரிந்திருக்கும்?

"ஏலே நாயகம், பூசுறதுக்கு முந்தி வந்து வெட்டிருக்க வேண்டியதுதானலே" என்றேன்.

"நான் வாரதுக்குள்ள யாரு உங்கள அவசரப்பட்டுப் பூசச் சொன்னா அத்தான்?" என்றான். சித்தாள்கள் இருக்கிறார்கள், கையாள் இருக்கிறான், அத்தனை பேருக்கும் முன்னால். நான்தான் தப்புச் செய்தவன் போல.

அதையும் பொறுத்துக்கொண்டேன். காடியெல்லாம் அடைத்து மறுபடி பூசினேன். அதன்பிறகுதான் அவன் ஒன்று சொன்னான், அதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வீட்டில் எல்லாப் பெட்டியிலிருந்தும் பச்சை வயரை இழுத்துச் சேர்த்து, அடுப்படிக்கு வெளிப்பக்கம் ஓட்டை போட்டு, வெளியே எடுத்துச் சுருட்டி ஆணியில் தொங்கவிட்டான். "அத்தான், இதுக்கு நேர் கீழ ஒரு குழி தோண்டணும். ஆளு உயரத்துக்கு மேலயே இருக்கணும். குழாய எறக்கி, சுத்தி உப்பும் கரியும் போட்டு மூடி, இத அதுல சேத்துட்டா வேலை முடிஞ்சது" என்றான்.

அந்த இடம் எது தெரியுமா? அடுப்படிக்கு வெளியே. தென்கிழக்கு. அக்னி மூலை. மனையடி பார்த்து நூறு வீட்டுக்கு நூல் பிடித்தவன் நான். அக்னி மூலையில் குழி எடுத்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதைச் சொன்னேன். சிரித்தான். "வாசப் பக்கம் வேணா தோண்டுங்க, வயரு கூட ஆகும், அவ்வளவுதான். ஆனா தோண்டாம மட்டும் இருக்காதீங்க" என்றான். என் சாஸ்திரம் அவனுக்குச் சிரிப்பாக இருக்கிறது. சொந்த அக்காள் வாழப் போகிற வீடு, அவளுக்கு ஆகாது என்று சொல்கிறேன், சிரிக்கிறான்.

அவன் பஸ் ஏறிய அன்று சாயங்காலமே அந்த வயரைச் சுருட்டி ஓட்டைக்குள் தள்ளி, கலவை வைத்து அடைத்து, மேலே பூசிவிட்டேன். எங்கே இருக்கிறதென்று நான் சொன்னால்தான் தெரியும். அப்படிப் பூசினேன்.

வாசல் பக்கமா? வாசலிலும் தோண்டவில்லை. அவன் சொன்னதற்காக நான் தோண்டுவதா?

கேளுங்கள். அடுத்த மாதம் பால் காய்ச்சினோம். பொறந்த வீட்டுச் சீர் வருகிறது. அவள் அம்மா குத்துவிளக்கு கொண்டுவந்தாள். சித்தப்பா வீட்டில் வெண்கலப் பானை. தம்பிக்காரன், ஒரே தம்பி, என்ன கொண்டுவந்தான் தெரியுமா? ஒரு பலகை. இரண்டடிக்கு ஒன்றரையடி. தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறான். என் கையாள் ஒருவன் பந்தலில் நின்று, "கொத்தனாரே, மச்சினரு சாரங் கட்டப் பலகை கொண்டாந்துட்டாரு" என்று கத்தினான். பந்தலே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவன் நேராக அடுப்படிக்குள் போய் அக்காள் காதில் என்னமோ ஓதிவிட்டு வந்தான். அடுப்படி வெளிச்சுவரை ஒரு பார்வை பார்த்தான். வயர் இல்லை என்று தெரிந்துவிட்டது.

"குழி எங்க அத்தான்?" என்றான்.

"ஒனக்குத்தாம்லே தோண்டணும்" என்றேன். ஆமாம், சொன்னேன். நல்ல நாளும் அதுவுமாகச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் பலகை கொண்டுவந்தவன் யார்? இந்த வாசலை இனி மிதிக்காதே என்றும் சொன்னேன். இன்றுவரை அவன் மிதிக்கவில்லை. ரோஷக்காரன்.

இந்திராணிக்குச் சடங்கு வைத்தபோது தாய்மாமன் மாலை போட வேண்டும். ஆவுடை ஒரு வாரம் சோறு சரியாகத் தின்னவில்லை. நான் அசையவில்லை. அவள் பெரியப்பா மகனைக் கூப்பிட்டு மாலை போடச் சொன்னேன். கல்யாணத்துக்கும் அப்படித்தான். மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் நாயகம் நிற்கிறான் என்று ஆள் வந்து சொன்னார்கள். எட்டிப் பார்த்தேன். புது வேட்டி, புதுச் சட்டை, கையில் ஒரு பை. தாலி கட்டுகிறவரை நின்றுவிட்டுப் போயிருக்கிறான். அத்தனை தூரம் வந்தவனுக்கு ரோட்டைத் தாண்டி உள்ளே வர என்ன? திமிர்தானே?

பத்திரிகையா? பத்திரிகை வைக்கவில்லை. வைக்காவிட்டால் என்ன, தாய்மாமன் தானே?

நீங்கள் கேட்பது இதுதானே, இத்தனை வருஷத்தில் ஷாக் ஒன்றும் அடித்ததில்லையா என்று. ஆவுடை சொல்லுவாள். கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்கிறது. ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் சுருக்கென்கிறது. மழைக்காலத்தில் மிக்சியைத் துணி வைத்துப் பிடிப்பாள். அவள் தம்பி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதைச் சொல்கிறாள் என்று எனக்கு எரிச்சல். ஒரு நாள் அவள் கண் முன்னாலேயே கிரைண்டரைத் தொட்டுக் காட்டினேன். பானை, மூடி, மோட்டார், எல்லாவற்றையும் தடவினேன். ஒன்றும் இல்லை. "எங்கடி சுருக்குங்குது? மாவாட்ட ஒடம்பு வளையல, அதச் சொல்லு" என்றேன். அதற்குப் பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஷாக் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பாளா?

இந்தக் கையைத் தொட்டுப் பாருங்கள். நாற்பது வருஷ சிமெண்டு. அடுப்பிலிருந்து கங்கை எடுத்துப் பீடி பற்றவைக்கிற கை. செருப்பா? வீட்டுக்குள்ளும் போட்டிருப்பேன், பித்த வெடிப்பு. அவள் அடுப்படியில் செருப்புப் போட மாட்டாள். கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், பெண்பிள்ளை கை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

மணிக்கட்டு எப்படி உடைந்தது என்றா? வழுக்கி விழுந்தாள். டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னேன், மகளிடமும் அப்படித்தான் சொன்னேன். அடுப்படி ஈரம். மாவாட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடினேன். சுவரோரம் கிடக்கிறாள், கிரைண்டர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. "இழுத்துருச்சு" என்றாள். "எது?" என்றேன். கிரைண்டரைக் காட்டினாள். "ஈரத்துல வழுக்கிட்டு அத ஏன் சொல்லுத" என்றேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது என் முகத்தைப் பார்த்தாள். பிறகு "வழுக்கிட்டேன்" என்றாள். அவளே சொன்னாள் தம்பி.

இருபத்தாறு வருஷம் அதே கிரைண்டரில்தான் ஆட்டினாள். அன்றைக்கு மட்டும் எப்படி இழுக்கும்? வித்தியாசம் என்று ஒன்றும் இல்லை. அதே இடம், அதே ஆள். பலகை மட்டும் இல்லை.

அந்தப் பலகைதான். நாயகம் கொண்டுவந்தது. நான் அதை அன்றைக்கே அடுப்பில் வைக்கச் சொன்னேன். அவள் கிரைண்டருக்கு முன்னால் போட்டுக்கொண்டாள். அதன்மேல் நின்றுதான் ஆட்டுவாள். குட்டைதான் அவள், உயரத்துக்குப் போட்டிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, முட்டுக் கொடுக்க ஒரு கட்டை வேண்டியிருந்தது, அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு போனேன். அவள் இரண்டு தரம் கேட்டாள், "பலகைய எறக்கித் தாங்க, பலகைய எறக்கித் தாங்க" என்று. "ஒரு நாள் தரையில நின்னு ஆட்டுனா கொறஞ்சா போயிருவ?" என்றேன். அடுத்த நாள்தான் விழுந்தாள்.

இன்னும் மாடியில்தான் இருக்கிறது. பார்க்க வேண்டுமா? எதற்கு? சரி, இருங்கள்.

இதோ. மூன்று மாதம் தொட்டிக்கு அடியில் கிடந்து பாசி பிடித்துவிட்டது. வேங்கை மரம், அவ்வளவு லேசில் உளுத்துப் போகாது. அடிப்பக்கமா? அடியில் லாரி டயரை வெட்டி ஆணி அடித்திருக்கிறான், அது எனக்குத் தெரியும். மாடிக்குத் தூக்கும்போது பார்த்தேன். நல்ல மரத்தில் போய் டயரை அடித்திருக்கிறானே, கஞ்சப்பயல் என்று நினைத்தேன். சறுக்காமல் இருக்க அடித்திருப்பான்.

சறுக்காமல் இருக்க இல்லையா?

இன்னொரு தரம் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள்.

மரம் ஒன்று. ரப்பர் ஒன்று. இரண்டும் கரண்டை விடாது. காலுக்குக் கீழே போக வழியில்லை என்றால் ஆளை இழுக்காது. ஆணிகூட ரப்பரைத் தாண்டி மறுபக்கம் வரவில்லை என்கிறீர்கள். தடவிப் பார்க்கிறேன்… ஆமாம், வரவில்லை. பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறான்.

அதைத்தான் ஓதினானா காதில்.

எனக்கு அவன் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருப்பேன். கேட்டிருக்க மாட்டேனா? நீங்கள் சொன்னதைக் கேட்கிறேன் அல்லவா?

சரி.

தம்பி, அந்த மெயினை இறக்கிவிட்டு என்னோடு பின்பக்கம் வாருங்கள். மூலையில் என் பை இருக்கிறது, உளியும் சுத்தியலும் எடுத்து வாருங்கள். இல்லை, நான்தான் உடைப்பேன். உங்களுக்கு இடம் தெரியாது. ஜன்னல் மூலையிலிருந்து ஒரு சாண், அங்கிருந்து கீழே நாலு விரல். தள்ளி நில்லுங்கள், தூசி கண்ணில் விழும்.

என் பூச்சு. அவ்வளவு லேசில் விடாது.

இதோ. பாருங்கள். பச்சை, பச்சையாகவே இருக்கிறது. சுருட்டி நூல் போட்டுக் கட்டியிருக்கிறான், நுனியில் டேப் சுற்றியிருக்கிறான். நான் அவிழ்க்கக்கூட இல்லை, அப்படியே உள்ளே தள்ளியிருக்கிறேன். பிடித்து இழுங்கள். வருகிறதா? இன்னும் வருகிறதா? இவ்வளவு நீளம் எதற்கு? இது வாசல்வரை போகுமே. நான் அக்னி மூலை என்றேனே, வாசல் பக்கம் தோண்டினாலும் எட்டட்டும் என்று பிறகு நீளம் கூட்டி விட்டிருக்கிறான். அன்றைக்கு நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை தம்பி.

குழியை இன்றைக்கே நான் தோண்டிவிடுவேன். இங்கேயே தோண்டுகிறேன், இந்த மூலையிலேயே. ஆகாதது எல்லாம் ஆகிவிட்டது, இனி என்ன. கரி வாங்க வேண்டும், உப்பு இருக்கிறது. சேர்த்து முறுக்க ஆள் வேண்டும். நீங்கள் செய்யக் கூடாதா? கம்பெனி விடாதா? சரி. வேறு எலக்ட்ரீசியன் ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள்தான். எந்த வயர் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத்தான் தெரியும்.

நம்பர் என்னிடம் இல்லை. அவன் பெயரை இந்த வீட்டில் நான் சொல்லவிட்டதில்லை. மகளுக்குப் போட்டுக் கொடுங்கள், என் போனில் முதலில் இருக்கும் நம்பர். சத்தமாக வையுங்கள், எனக்குக் காது மந்தம்.

இந்திராணி, அம்மாகிட்ட குடு. மெஷின் மாட்டலம்மா இன்னும். குடு, சொல்லுதேன்.

ஆவுடை. சாப்ட்டேன். நீ சாப்ட்டியா? கை எப்படி இருக்கு? ஆவுடை, ஒண்ணு கேக்கணும். நாயகம் நம்பர் இந்திராணிகிட்ட இருக்குமா? இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. எர்த் குடுக்கணும். எர்த். அடுப்படிக்கு. ஆமா, அந்த வயருதான். எடுத்துட்டேன்.

ஆவுடை?

லைன் இருக்கிறதா தம்பி? இருக்கிறது.

சொல்லு, சொல்லு. இரு, எழுதிக்கிடுதேன். தம்பி, அந்த ஓட்டுத் துண்டைக் கொடுங்கள், காகிதம் எதற்கு, இதோ சுவர் இருக்கிறது. ம். ம். மெதுவாச் சொல்லு. ம். ரெண்டு ஏழா? ம். சரி. வச்சிருதேன். பலகையா? எறக்கிட்டேன். கீழதான் இருக்கு.

பார்த்தீர்களா தம்பி, மகளைக் கேட்கவில்லை. எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. பத்து எண்ணையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

போடுங்கள். சுவரைப் பார்த்துப் போடுங்கள், என் எழுத்து விளங்குகிறதா? மணி அடிக்கிறதா? நீங்களே பேசுங்கள். கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லுங்கள். ஒரு வீட்டில் எர்த் இல்லை, வர முடியுமா என்று மட்டும் கேளுங்கள். யார் வீடு என்று கேட்டால் சொல்லுங்கள், வந்து மறுபடி என் சுவரில் காடி கீடி வெட்டக் கூடாது என்றும்…

எடுத்துவிட்டானா?

கொடுங்கள். என்னிடம் கொடுங்கள்.